ஃபேர்னஸும் ஏசியும் மாற்றும் செலவு: ரொறன்ரோ பெரும்பாகத் தமிழ் வீட்டுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்ரன், மிசிசாகா ஆகிய இடங்களில் சொந்த வீட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு,

ஒரு வீட்டின் ஃபேர்னஸையும் ஏசியையும் மாற்றக் கொடுக்கும் பணத்தில் இயந்திரத்தின் விலை ஒரு பங்கு மட்டுமே. பொருத்தும் வேலை, புகை வெளியேறும் குழாய், காற்றுக் குழாய்களில் செய்யும் திருத்தம், மின் இணைப்பு, அனுமதிகள், 13 சதவீத எச்.எஸ்.ரி. எல்லாம் மீதியில் அடங்கும். வாங்கிய பிறகும் செலவு தொடர்கிறது. எரிவாயு ஃபேர்னஸ் 15 முதல் 20 ஆண்டுகள் வரையும், ஏசி 12 முதல் 15 ஆண்டுகள் வரையும் உழைக்கும். அத்தனை ஆண்டுகளின் எரிபொருள், பழுதுபார்ப்பு, கடன் எடுத்தால் அதன் வட்டி என்பவற்றையும் கூட்டினால்தான் ஒரு விலை மலிவா, கொள்ளையா என்று சொல்ல முடியும். "மாதம் இவ்வளவுதான்" என்று விற்பனையாளர் சொல்லும் எண் அந்தக் கூட்டலை மறைக்கவே பயன்படுகிறது.

மாற்றத்தான் வேண்டுமா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். பனிப்புயலுக்கு மறுநாள் காலையில் ஃபேர்னஸ் நின்றுவிட்டால், வீட்டின் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளை பி.வி.சி. குழாய்களைப் பார்ப்பது நல்லது. காற்றை உள்ளிழுக்கும் குழாயோ புகையை வெளிவிடும் குழாயோ பனியில் புதைந்திருந்தால், பாதுகாப்புக்காக இயந்திரம் தானே அணைந்துவிடும். பனியைத் தள்ளிவிட்டால் போதும். மாதக்கணக்கில் மாற்றாத ஃபில்ரரும் இதே வேலையைச் செய்யும்: காற்றோட்டம் குறைந்து, இயந்திரம் அளவுக்கு மீறிச் சூடாகி, மறுபடி மறுபடி நிற்கும். பல ஃபேர்னஸ்களில் கீழ்க் கதவின் சிறு கண்ணாடி வழியே பார்த்தால் கட்டுப்பாட்டுப் பலகையில் ஒரு சிறு விளக்கு கண்சிமிட்டிக்கொண்டிருக்கும். எத்தனை முறை சிமிட்டினால் என்ன கோளாறு என்ற அட்டவணை அந்தக் கதவின் உட்புறத்திலேயே ஒட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணிக்கையைக் குறித்துவைத்துவிட்டுத் தொழில்நுட்பரை அழைக்கும் வீட்டுக்காரரிடம் வீண் கதை எடுபடாது.

இக்னைற்றர், ஃபிளேம் சென்சர், ஏசியின் கப்பாசிற்றர் போன்றவை தேய்ந்துபோகும் சில்லறை உறுப்புகள். இவற்றுக்காக முழு இயந்திரத்தையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. வெப்பமாற்றியில் வெடிப்பு, கொம்பிரசர் எரிந்துபோதல், கொயிலில் கசிவு என்பன வேறு வகை. அவற்றின் செலவு புது இயந்திரத்தின் விலையை எட்டிப் பார்க்கும். இயந்திரத்தின் வயதைப் பழுதுச் செலவால் பெருக்கி, விடை 5,000 டொலரைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும் என்று ஒரு கணக்கு புழங்குகிறது. இந்தக் கணக்கு வீட்டுக்காரருக்கு நட்டம் தரும். எட்டு வயது ஃபேர்னஸுக்கு 700 டொலர் பழுது என்றால் விடை 5,600 வரும். ஆனால் அந்த ஃபேர்னஸுக்கு இன்னும் ஏறத்தாழப் பாதி ஆயுள் கிடக்கிறது. 700 டொலரில் எத்தனை ஆண்டுகள் கிடைக்கும், புதிதாக வாங்கினால் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு விழும் என்று ஒப்பிடுவதே சரி.

பழைய ஏசிகளில் ஆர்-22 என்ற குளிர்வாயு இருக்கும். கனடாவில் அதன் உற்பத்தியும் இறக்குமதியும் 2020 ஜனவரியோடு நின்றுவிட்டன. கசியும் ஆர்-22 இயந்திரத்துக்கு வாயு நிரப்பிக்கொண்டே இருப்பது பணத்தைக் காற்றில் விடுவதாகும். அங்கே மாற்றுவதுதான் சிக்கனம்.

வெப்பமாற்றி வெடித்தால் நிறமோ மணமோ இல்லாத காபன் மொனொக்சைட் வீட்டுக்குள் பரவலாம். அதனால் ஆபத்தான ஃபேர்னஸை அணைத்துச் சிவப்பு அட்டை கட்டும் கடமை உரிமம் பெற்ற தொழில்நுட்பருக்கு உண்டு. உடனடி ஆபத்துக்கு ஒரு வகை அட்டை. காலக்கெடுவுக்குள் திருத்த வேண்டிய குறைக்கு இன்னொரு வகை. இந்த அட்டையைத் துச்சமாக எடுக்கக்கூடாது. அணைத்த இயந்திரத்தைத் தாமாகப் போடவும் கூடாது. அதே வேளை, அட்டை கட்டிய கையே புது ஃபேர்னஸ் ஒப்பந்தத்தையும் நீட்டினால், வெடிப்பைப் படத்தோடு காட்டும்படி கேட்டு, வேறொரு நிறுவனத்தின் தொழில்நுட்பரைக் கொண்டும் பார்க்க வேண்டும். அந்த ஒரு நாளை மின் சூடேற்றி ஒன்றிரண்டை வைத்துக் கடத்திவிடலாம்.

மாற்றுவது என்று முடிவானால், பணம் அதிகம் வீணாகும் இடம் இயந்திரத்தின் அளவு. பழைய ஃபேர்னஸில் மணிக்கு 100,000 பி.ரி.யு. (வெப்ப அலகு) என்று எழுதியிருந்தால் புதியதும் அதே அளவு என்று போடுவதும், சதுர அடியைப் பெருக்கி ஓர் எண்ணைச் சொல்வதும் வழமையாகிவிட்டன. வீட்டின் வெப்ப இழப்பைக் கணிக்கக் கனடாவில் சி.எஸ்.ஏ. எஃப்280 என்ற நியமம் இருக்கிறது. சுவர், கூரை, கண்ணாடி, காப்புப் பொருள், காற்றுக் கசிவு எல்லாவற்றையும் அது எடுத்துக்கொள்கிறது. ஓரளவு கணக்கை எரிவாயு பில்லை வைத்து வீட்டிலேயே போடலாம்.

ஒரு வீடு ஜனவரியில் சூடேற்ற மட்டும் 400 கன மீற்றர் எரிவாயு எரித்தது என்று கொள்வோம். சமையலுக்கும் வெந்நீருக்கும் எவ்வளவு போகிறது என்பதை யூலை மாத பில் காட்டும். அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு கன மீற்றரில் ஏறத்தாழ 35,000 பி.ரி.யு. வெப்பம் உண்டு. பழைய ஃபேர்னஸின் திறன் 80 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது 28,000. மாதம் முழுவதற்கும் 11.2 மில்லியன் பி.ரி.யு. ஆகிறது. ஜனவரியின் 744 மணித்தியாலங்களால் வகுத்தால் மணிக்குச் சராசரியாக 15,000. ரொறன்ரோவில் ஜனவரியின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே நான்கைந்து பாகை. இயந்திரத்தைத் தெரிவு செய்ய எடுத்துக்கொள்ளும் கடுங்குளிர், பூச்சியத்துக்குக் கீழே ஏறக்குறைய 20 பாகை. ஆட்களும் அடுப்பும் வெயிலும் தரும் சூட்டை விட்டுவிட்டு, 18 பாகையை அடிப்படையாக வைத்தால், சராசரி நாளில் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் 22 அல்லது 23. கடுங்குளிர் நாளில் 38. ஆக, 15,000 ஏறத்தாழ 1.7 மடங்காகி 26,000-க்குக் கிட்ட வருகிறது. பாதுகாப்புக்கென்று 40 சதவீதம் கூட்டினாலும் 36,000 அல்லது 37,000-தான். அந்த வீட்டில் 100,000 பி.ரி.யு. ஃபேர்னஸ் இருந்தால், அது தேவையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். இது அரிய விதிவிலக்கல்ல. கணக்குப் போடாமல் ஃபேர்னஸைத் தெரிவு செய்த வீடுகளில் அடிக்கடி காணக்கூடிய நிலை.

அளவுக்கு மிஞ்சிய ஃபேர்னஸ் சில நிமிடம் எரிந்து அணைந்து மறுபடி எரியும். அறைக்கு அறை சூடு மாறும். உறுப்புகள் விரைவில் தேயும். காற்றுக் குழாய்கள் இரையும். ஏசியில் பாதிப்பு இன்னும் வெளிப்படை. ஒரு தொன் ஏசி மணிக்கு 12,000 பி.ரி.யு. வெப்பத்தை வெளியேற்றும், அதற்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 400 கன அடி காற்று கொயிலைக் கடக்க வேண்டும். பெரிய ஏசி வீட்டைச் சடுதியில் குளிர்த்திவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இறக்க அதற்கு நேரம் போதாது. ரொறன்ரோவின் யூலைப் புழுக்கத்தில், குளிர்ந்தும் பிசுபிசுக்கும் வீடு அப்படித்தான் உண்டாகிறது.

பேஸ்மென்றை வாடகைக்கு விட்டிருக்கும் வீடுகளில் இது தனிப் பிரச்சினை. தேர்மோஸ்ரற் மேல்தளத்தில் இருக்கும். அங்கே சூடானதும் ஃபேர்னஸ் நிற்கும். கீழே இருப்பவர் குளிரில் கிடப்பார். குளிர்காலத்தில் வாடகைக் குடியிருப்பை 21 பாகையில் வைத்திருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகரத்தின் விதி. இதற்குப் பெரிய ஃபேர்னஸ் போடுவது நிலைமையை மோசமாக்கும், ஏனென்றால் மேல்தளம் இன்னும் விரைவாகச் சூடாகி இயந்திரம் இன்னும் சீக்கிரம் நிற்கும். பேஸ்மென்றுக்குப் போதிய காற்று வரும் குழாயும், காற்றைத் திருப்பி எடுக்கும் குழாயும், கசிவு அடைப்பும்தான் மருந்து. 1950-களிலும் 60-களிலும் கட்டிய ஸ்காபரோ பங்களா வீடுகளில் திரும்பு குழாய் போதாமை சாதாரணம். ஒரு ஃபேர்னஸின் விலையோடு பார்த்தால் இந்தக் குழாய் வேலை சிறு தொகை. ஆனால் விலைச்சீட்டில் இது வராது, கேட்டால்தான் வரும்.

திறன் பற்றிய பேச்சில் ஃபேர்னஸைப் பொறுத்தவரை தெரிவு குறைவு. 2019 யூலை 3-க்குப் பிறகு கனடாவில் விற்பனைக்கென உற்பத்தியாகும் வீட்டு எரிவாயு ஃபேர்னஸுக்குக் குறைந்தபட்சம் 95 சதவீதத் திறன் கட்டாயம். எனவே 96-ஐயும் 98-ஐயும் ஒப்பிட்டுப் பெரும் பணம் கொடுப்பதில் பொருளில்லை. பழையது எவ்வளவு என்பதே சேமிப்பைத் தீர்மானிக்கும். 80-இலிருந்து 96-க்குப் போனால் எரிவாயு ஆறில் ஒரு பங்கு குறையும். சூடேற்ற ஆண்டுக்கு 1,200 டொலர் கட்டும் வீட்டில் 200 டொலர் மிஞ்சும். 92-இலிருந்து 96-க்குப் போனால் அதே வீட்டில் 50 டொலர்தான். "பாதிப் பணம் மிச்சம்" என்ற விளம்பரத்தை இந்த எண்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். ஏசியின் திறனைக் காட்டும் எஸ்.இ.இ.ஆர். எண் 14-இலிருந்து 18-க்கு ஏறினால் மின்சாரம் 22 சதவீதம் குறையும். கோடை முழுவதும் குளிர்த்த 200 டொலர் செலவாகும் வீட்டில் அது 44 டொலர். இங்கே கோடை குறுகியது. உயர்ந்த எண்ணுக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் திரும்பி வர நெடுங்காலமாகும்.

ஏசி மாற்றும் தருணத்தில்தான் ஹீற் பம்ப் பற்றி யோசிக்க வேண்டும். ஏசியும் ஹீற் பம்பும் ஒரே இயக்கத்தைக் கொண்டவை. ஹீற் பம்ப் அதைத் திருப்பிப் போட்டு, வெளிக்காற்றிலிருந்து வெப்பத்தை உள்ளே கொண்டுவரும். எனவே அதன் முழு விலையையும் சூடேற்றும் செலவாக எழுதுவது தவறு. எப்படியும் வாங்கவேண்டிய ஏசியின் விலையைக் கழித்துவிட்டு, எஞ்சும் வித்தியாசத்தையே எடைபோட வேண்டும்.

அந்த வித்தியாசம் திரும்பி வருமா என்பது இரண்டு பில்களில் இருக்கிறது. ஒரு கன மீற்றர் எரிவாயு நல்ல ஃபேர்னஸில் ஏறத்தாழ 10 அலகு வெப்பம் தரும். (ஒரு மின் அலகு, அதாவது ஒரு கிலோவாற் மணி, நேரடியாக ஒரு அலகு வெப்பம் தரும்.) பயன்பாட்டுக்கு ஏற்ப ஏறும் எல்லாக் கட்டணங்களும் சேர்ந்து எரிவாயு கன மீற்றருக்கு 45 சதமும், மின்சாரம் அலகுக்கு 13 சதமும் விழுகின்றன என்று உதாரணத்துக்கு வைப்போம். 10 மின் அலகு 1.30 டொலர். அதை 45 சதத்தால் வகுத்தால் 2.9. ஒரு அலகு மின்சாரத்தில் ஹீற் பம்ப் 2.9 அலகு வெப்பத்துக்கு மேல் தரும் நாட்களில் அது மலிவு. குறையும் நாட்களில் எரிவாயு மலிவு. நல்ல ஹீற் பம்ப் பூச்சியத்துக்கு மேலே மூன்று மடங்கு தரும். கடுங்குளிரில் இரண்டு மடங்கை நோக்கி இறங்கும். ஃபேர்னஸை வைத்துக்கொண்டே இளங்குளிருக்கு ஹீற் பம்பும் கடுங்குளிருக்கு எரிவாயுவும் ஓடவிடும் கலப்பு முறை ரொறன்ரோவுக்குப் பொருந்துவது இதனால்தான். இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை மிகக் குறைந்த கட்டணம் வாங்கும் மின்சாரத் திட்டத்தை 2023 மே மாதம் முதல் ஒன்ராறியோ வீடுகள் தெரிவு செய்யலாம். அதில் சேர்ந்தால் கணக்கு மாறும். நுகர்வோருக்கான காபன் கட்டணம் 2025 ஏப்ரல் 1-ஆம் திகதி நீக்கப்பட்டதால், அதற்கு முன் தயாரித்த ஒப்பீட்டு அட்டவணைகள் ஹீற் பம்பின் சேமிப்பைக் கூட்டியே காட்டும். எரிவாயுவை முற்றாகத் துண்டித்தால்தான் அதன் மாதாந்த நிலைக் கட்டணம் நிற்கும் என்பதும், முழு மின்சாரத்துக்குப் போகும் வீட்டில் 100 அம்பியர் மின் பனலை மாற்ற வேண்டி வரலாம் என்பதும் இதே கணக்கில் சேர வேண்டியவை.

விலைச்சீட்டுகளுக்கிடையே வரும் பெரும் வித்தியாசம் பலவேளை இயந்திரத்தைச் சுற்றிய வேலையிலிருந்து வருகிறது. 80 சதவீத ஃபேர்னஸ் செங்கல் புகைபோக்கி வழியே புகைவிட்டது. புதியது பக்கச் சுவர் வழியே பி.வி.சி. குழாயில் விடும். அதற்குத் துளையும், ஊறும் நீரைக் கொண்டுபோகும் வடிகாலும் தேவை. பழைய வோட்டர் ஹீற்றர் மட்டும் அந்தப் புகைபோக்கியில் தனித்து மிஞ்சினால், அதன் மெல்லிய புகைக்கு அந்த வழி மிகப் பெரியது. புகை குளிர்ந்து உள்ளேயே ஈரமாகும், வீட்டுக்குள் திரும்பவும் கூடும். புகைபோக்கிக்குள் உலோக உறை போடுவது அங்கே அவசியம். இதை எழுதாத மலிவு விலைச்சீட்டு மலிவானது அல்ல. புது ஏசிக்குப் பழைய உட்கொயிலை வைத்துச் சமாளிப்பதும் இவ்வகைதான்: ஆர்-410ஏ-க்கு அடுத்து வந்திருக்கும் ஆர்-32, ஆர்-454பி இயந்திரங்கள் அவற்றுக்குரிய கொயிலோடுதான் சேரும்.

இனி, இந்த மடலில் மிக அவசியமான பகுதி: பணம் கட்டும் முறை. மாதம் 120 டொலர் வாடகை, ஆண்டுதோறும் 3.5 சதவீத ஏற்றம், பத்தாண்டு என்று ஓர் ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். கூட்டினால் ஏறத்தாழ 16,900 டொலர், எச்.எஸ்.ரி.யோடு 19,000-ஐத் தாண்டும். அதே இயந்திரம் வரியோடு 10,000 டொலர் என்றும், அதை 7 சதவீத வட்டிக்குப் பத்தாண்டுக் கடனில் வாங்குவதாகவும் வைத்தால், மாதம் 116 டொலர், மொத்தம் ஏறத்தாழ 13,900. கடன் தவணை ஏறாது. முடிவில் இயந்திரம் வீட்டுக்காரருடையது. வாடகையில் பராமரிப்பு அடங்கும் என்பார்கள். 5,000 டொலருக்கு மேற்பட்ட வித்தியாசத்துக்கு எத்தனை பழுது பார்க்கலாம் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

2018 மார்ச் 1 முதல், வீட்டுக்காரர் அழைக்காமல் வாசலுக்கு வந்து ஃபேர்னஸ், ஏசி, வோட்டர் ஹீற்றர் போன்றவற்றுக்கு ஒப்பந்தம் எழுதுவது ஒன்ராறியோவில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. அழைத்து வந்து வீட்டில் வைத்து எழுதிய ஒப்பந்தத்தையும், அதன் எழுத்துப் பிரதி கிடைத்த பத்து நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யலாம். வாடகை நிறுவனங்கள் காணிப் பதிவேட்டில் வீட்டின் மீது பாதுகாப்பு உரிமை அறிவித்தலைப் பதிந்துவிட்டு, வீட்டை விற்கவோ மொட்கேஜ் மாற்றவோ போகும் நேரத்தில் பெருந்தொகை கேட்ட கொடுமை பல குடும்பங்களை வருத்தியது. 2024 யூன் 6-ஆம் திகதி வந்த சட்டத்தால் நுகர்வோர் பொருட்களுக்கான அந்த அறிவித்தல்கள் வலுவிழந்தன. அறிவித்தல்தான் போயிற்று, ஒப்பந்தத்தில் உள்ள கடன் தானாகப் போகவில்லை. பகலில் பிள்ளைகள் வேலைக்குப் போய்விட, வீட்டில் தனித்திருக்கும் அப்பா அம்மாவிடம்தான் கையெழுத்து எளிதாகக் கிடைக்கிறது. "அரசாங்கத்திலிருந்து வருகிறோம், எரிவாயு பில்லைக் காட்டுங்கள்" என்று வருபவருக்குக் கதவைத் திறக்கத் தேவையில்லை என்பதை அவர்களுக்கு ஒருமுறைக்கு இருமுறை சொல்லிவைப்பது எந்த விலைப் பேரத்தையும் விடப் பெரிய சேமிப்பு.

மானியம் என்ற சொல்லும் தூண்டிலாகிறது. 5,000 டொலர் வரை தந்த கூட்டாட்சி அரசின் வீட்டு மானியத் திட்டம் 2024-இலேயே புது விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஜனவரியில் தொடங்கிய ஒன்ராறியோத் திட்டத்தில், எரிவாயுவால் சூடேறும் வீட்டின் ஹீற் பம்புக்குக் கிடைப்பது மின்சாரத்தால் சூடேறும் வீட்டுக்குக் கிடைப்பதை விடக் குறைவு. மானியம் வரும் என்று சொல்பவர் அதை எழுத்தில், தொகையோடு, யார் விண்ணப்பிப்பது என்பதோடு தரவேண்டும்.

மூன்று நிறுவனங்களிடமாவது எழுத்தில் விலை கேட்க வேண்டும், மூவருக்கும் வேலை ஒன்றாக இருக்க வேண்டும். இயந்திரத்தின் முழு மாதிரி எண், வெப்ப இழப்புக் கணக்கு, குழாய் வேலை, புகைபோக்கி உறை, பழைய இயந்திரத்தை அகற்றுதல், வரி எல்லாம் தனித்தனியே எழுதப்படாவிட்டால் ஒப்பிடுவதற்கு எதுவுமில்லை. எரிவாயு வேலைக்கு நிறுவனம் ஒன்ராறியோவின் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பான ரி.எஸ்.எஸ்.ஏ.-இல் பதிந்திருக்க வேண்டும். செய்பவரிடம் அதற்குரிய எரிவாயுச் சான்றிதழ் இருக்க வேண்டும். ஏசியைத் தொடுபவருக்குக் குளிர்சாதனத் தொழில் உரிமமும், மின் இணைப்புக்கு மின் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தலும் வேண்டும். தெரிந்தவர், ஊர்க்காரர், சொந்தக்காரர் என்பதற்காக இவற்றை விட்டுவிடக்கூடாது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் கேட்பது இந்தப் பத்திரங்களைத்தான்.

கேட்பதற்கு நல்ல காலம் ஏப்ரல், மே, பிறகு செப்ரெம்பர், ஒக்ரோபர். ஜனவரி இரவில் நடுங்கிக்கொண்டு கேட்கும் விலையில் பேரம் கிடையாது. வேலை முடிந்ததும் இயந்திரத்தைத் தயாரிப்பாளரிடம் உரிய நாட்களுக்குள் பதிவு செய்தால்தான் பல நிறுவனங்கள் உறுப்புகளுக்கு முழுக்கால உத்தரவாதம் தருகின்றன. கூலிக்கான உத்தரவாதம் தனியானது, அதை நிறுவியவரிடம் எழுதி வாங்க வேண்டும். பதிவுச் சான்று, அனுமதிகள், வெப்ப இழப்புக் கணக்கு, ரசீது என்பவற்றை ஒரு கோப்பில் போட்டு ஃபேர்னஸுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால், அடுத்த பழுதுக்கு வருபவருக்கும் பின்னாளில் வீட்டை வாங்குபவருக்கும் அது உதவும்.